நல்ல இடமும் நாகரிகத் தீண்டாமையும்

கொழும்பிலே வாடகைக்கு வீடு தேடப் புறப்படும் இளந் தம்பதியர் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றே: “எந்த இடம் நல்ல இடம்?” கணவனும் மனைவியும் உத்தியோகம் பார்ப்பவர்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் வங்கியிலோ கணினி நிறுவனத்திலோ வேலை செய்பவர். ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் தங்குவதற்கு மேலதிகமாக ஓர் அறை வேண்டும். வாடகை ஒருவரின் சம்பளத்தை முழுதாக விழுங்கிவிடலாகாது. வேலைக்குப் போய்வர வசதி வேண்டும். இவையெல்லாம் நியாயமான தேவைகள். ஆயினும் “நல்ல இடம்” என்ற சொல் வாயிலிருந்து வெளிப்பட்டதும் இத்தேவைகள் யாவும் பின்னே தள்ளப்பட்டுவிடுகின்றன. அச்சொல்லினுள்ளே வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. “அங்கே எங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்களா? மற்றவர்கள் இல்லாமல் இருக்கிறார்களா?” என்பதே அக்கேள்வி.

வீட்டைத் தெரிவு செய்வது தனிமனிதரின் விருப்பம் பற்றியது. இதிலே சமூகப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என நண்பர் சிலர் வினவலாம். எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி எமது சமூகத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. கிராமத்திலே குறிச்சி என்ற பெயரால் அது வாழ்ந்தது. நகரத்திலே நல்ல இடம் என்ற பெயரால் வாழ்கின்றது. பெயர் மாறியதாற் பொருள் மாறிவிடவில்லை என்பதே எமது வாதம்.

கொழும்பு மாநகரம் தபால் விநியோக வசதிக்காக 15 வலயங்களாகப் பிரிக்கப்பட்டது. கடிதம் கொண்டுசெல்பவரின் வேலையை இலகுவாக்கப் பிறந்த இலக்கங்கள் இன்று மனிதரின் தரத்தை அளக்கும் இலக்கங்களாகிவிட்டன. கொழும்பு 7 கறுவாத்தோட்டம். அங்கே குடியிருப்பதை எம்போன்றோர் எண்ணிப் பார்ப்பதுமில்லை. கொள்ளுப்பிட்டியும் பம்பலப்பிட்டியுமாகிய 3, 4 என்றாற் கௌரவம். வெள்ளவத்தையாகிய 6 என்றால் “எங்கட ஆக்கள்.” கொட்டாஞ்சேனையாகிய 13 என்றாற் சிறிது தயக்கம். கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம் எனப் 14, 15 ஆகிய இலக்கங்களுக்கு வந்துவிட்டாலோ முகச் சுளிப்பு. காலி வீதியிலிருந்து மட்டக்குளிக்குச் செல்லும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியவர் இவ்விலக்கங்களிற் பலவற்றை ஒரே பயணத்திற் கடந்துவிடலாம். பஸ்ஸினுள்ளே தோளோடு தோள் உரச நின்றவர்கள் அயலவராய் இருக்க மட்டும் தகுதியற்றவராகிவிடுவது எங்ஙனம்?

வடகொழும்பு “கலாசாரமற்ற இடம்” என்று சொல்வோருக்கு ஒன்றிரண்டு செய்திகளை நினைவூட்டலாம். 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொழும்பின் இப்பகுதியிலேயே வேரூன்றியது. 1966இல் யாழ்ப்பாணத்திலே டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ பின்னாளிற் கொழும்புக்கு இடம்பெயர்ந்தபோது 13ஆம் வலயத்தின் ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்தே வெளிவந்தது. ஈழத்து இலக்கியத்தின் ஒரு காலகட்டத்தைச் சுமந்த சஞ்சிகைக்கு ஏற்றதாயிருந்த தெரு, அதனை வாசித்துப் பட்டம் பெற்றவரின் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் ஏற்றதல்ல என்பது விந்தையான மதிப்பீடன்றோ?

“நல்ல இடம் துப்புரவாக இருக்கிறது, மற்ற இடம் நாறுகிறது” என்பர். நல்ல இடத்தின் துப்புரவு எங்ஙனம் கிடைத்தது என்று அவர்கள் கேட்பதில்லை. கொழும்பின் வீடுகள் வெளியே வைத்த குப்பை ஆண்டாண்டு காலமாக நகரத்தின் வடக்கிலே புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. பின்னர் கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லையிற் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளிலே, அம்மலை சரிந்து வீடுகளை மூடியது. 32 உயிர்கள் பலியாயின. அங்கு மாண்டவர்கள் தாம் போட்ட குப்பையால் மாண்டவர்களல்லர். ஓர் இடத்தை நல்ல இடமாக்குவதற்காக இன்னோர் இடம் கெட்ட இடமாக்கப்படுகின்றது. அதன்பின் அந்தக் கெட்ட இடத்து மனிதரைக் காட்டி, “இவர்களருகே குடியிருக்க முடியுமா?” என்று மூக்கைப் பொத்துவது எந்த ஊர் நியாயம்?

இனிப் பாதுகாப்பு என்ற காரணத்துக்கு வருவோம். வெள்ளவத்தையை நாடும் தமிழ்க் குடும்பங்கள் இதனையே முதற் காரணமாகக் கூறுவர். இதனை நாம் ஏளனம் செய்யோம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளை அனுபவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அச்சத்தைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்றிருக்கிறார்கள். அந்த அச்சம் பொய்யானதல்ல. ஆனால் வரலாறு உண்மையிற் கற்பிப்பது யாது? 1983 ஜூலையிலே வெள்ளவத்தையும் எரிந்தது. தமிழர் திரளாக வாழ்ந்த இடம் என்பது அதனைக் காப்பாற்றவில்லை. காடையர் கைகளிலே வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் எவர் இருக்கிறார் என்று எழுத்திலே அறிந்து வந்தவர்கள் அவர்கள். அந்நாட்களில் உயிர் தப்பியோரிற் பலர், தம்மை மறைத்து வைத்துச் சோறு கொடுத்த சிங்கள, முஸ்லிம் அயலவரைப் பற்றி இன்றும் கூறுவர். காட்டிக்கொடுத்தது பட்டியல், காத்தது பழக்கம். அயலவரோடு பழகாமல், கதவைச் சாத்திக்கொண்டு, தன்னினத்தார் நடுவே இருந்துவிட்டாற் போதும் என்ற பாதுகாப்பு மணலிற் கட்டிய வீடு.

2007 ஜூன் 7ஆம் திகதியையும் எண்ணிப் பார்ப்போம். அன்று விடியற்காலையிற் கொழும்பின் லொட்ஜ்களிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அதனைத் தடுத்தது. அன்று அகற்றப்பட்டோர் எத்தகையோர்? முற்பணம் கட்டி வீடு எடுக்க வசதியற்று, லொட்ஜ்களின் சிறு அறைகளிலே தங்கியிருந்தவர்கள். அதே வெள்ளவத்தையிலே, சில யார் தூரத்திலே, தொடர்மாடிகளில் உறங்கிய தமிழரின் கதவுகள் அன்று அவ்வாறு தட்டப்படவில்லை. இன ஒடுக்குமுறையுங்கூட வாடகைப் பற்றுச்சீட்டைப் பார்த்தே ஆளைத் தெரிந்தெடுக்கின்றது என்ற உண்மையை “எல்லாத் தமிழருக்கும் ஒரே விதி” என்று மேடையில் முழங்குவோர் மறந்துவிடுகின்றனர்.

தமிழ்க் கடை அருகில் வேண்டும், பிள்ளை தமிழ் மொழியிற் படிக்கப் பாடசாலை வேண்டும், கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ நடக்கும் தூரத்தில் வேண்டும், கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கு மாலையிற் போய்வர வேண்டும் என்று விரும்புவோரை நாம் குறை கூறவில்லை. தன் மொழி காதில் விழும் இடத்தில் வாழ விரும்புவது ஒன்று. தன் படிக்கட்டில் இன்னாரின் கால் படலாகாது என விரும்புவது வேறொன்று. முன்னதின் பெயரைச் சொல்லிப் பின்னதை நடத்துகிறார்களே, அதனையே நாம் சாடுகிறோம்.

அது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைக் கொழும்பில் வீடு தேடிய எவரும் அறிவர். வீட்டுக்காரர் தேநீர் கொடுத்து அன்பாகவே விசாரிப்பார். “தம்பி எவ்விடம்?” யாழ்ப்பாணம் என்றதும் முகம் மலரும். “யாழ்ப்பாணத்திலை எவ்விடம்?” ஊரின் பெயர் சொல்லப்படும். “அங்கை எந்தக் கோயிலடி?” இந்த மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையோடு விசாரணை முடிவடையும். விடை பிடித்திருந்தால் வாடகையிற் கூட ஆயிரம் இரண்டாயிரம் குறையும். பிடிக்காவிட்டால், நேற்றே வேறொருவர் முற்பணம் தந்துவிட்ட செய்தி அப்போதுதான் வீட்டுக்காரரின் நினைவுக்கு வரும்! ஹற்றனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வந்த பட்டதாரிக்கு மூன்று கேள்விகள் தேவைப்படா. முதற் கேள்வியிலேயே கதவு மூடிவிடும். லயன் அறையிலிருந்து பல்கலைக்கழகம் வரை தன் உழைப்பால் ஏறி வந்தவர், வெள்ளவத்தையிலே ஒரு மாடிப்படி ஏற முடியாது நிற்கிறார். முஸ்லிம் தம்பதிக்குக் கேள்வியே இல்லை, பெயர் போதும். 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர் அக்கதவுகள் இன்னும் இறுகின.

இதே வீட்டுக்காரரின் மகன் நுகேகொடையிலோ மகரகமையிலோ வீடு தேடிச் சென்று, “தமிழருக்குக் கொடுப்பதில்லை” என்ற பதிலுடன் திரும்பி வந்தால், அன்றிரவு அவ்வீட்டில் இனவாதத்தைப் பற்றி ஆவேசமான உரை நிகழும். உரையின் ஒவ்வொரு சொல்லும் நியாயமானதே. ஆனால் அச்சொற்கள் தன் வீட்டு வாசலில் நின்று திரும்பியவருக்கும் பொருந்தும் என்பது மட்டும் உரையாளருக்குத் தோன்றாது. தன்னை விலக்கினால் இனவாதம். தான் விலக்கினாற் பாரம்பரியம்! இந்த இரட்டை நாக்கோடு எந்த உரிமையை யாரிடம் கேட்பது?

எமது மூத்த தோழர்கள் இதற்கெதிராகப் போராடியவர்கள். 1966 அக்டோபர் 21இன் எழுச்சியும், 1968இல் மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டமும், தேநீர்க் கடைகளின் வேற்றுக் குவளைகளை ஒழித்த போராட்டங்களும் எமது வடபுலத்தில் நடந்தவை. அப்போது தேநீர்க் கடைக்காரர் கூறிய நியாயம் என்ன? “கடை என்னுடையது; யாருக்குக் கொடுப்பது என்பது என் விருப்பம்.” இன்று வீட்டுக்காரர் கூறும் நியாயமும் அதுவே. அன்று அதனை ஏற்க மறுத்தோம். இன்று அதே நியாயம் பளிங்குத் தரையும் மின்தூக்கியும் உள்ள தொடர்மாடியிலிருந்து கேட்கும்போது, “அது அவரது சொந்தச் சொத்துத்தானே” என்று தலையாட்டுகிறது படித்த வர்க்கம். இலங்கை அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றின் பெயரால் எவரையும் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுக் களியாட்ட இடங்கள், தத்தம் மதத்தின் பொது வழிபாட்டிடங்கள் ஆகியவற்றிலிருந்து விலக்கலாகாது என்கின்றது. அப்பட்டியலிலே வாடகை வீடு இடம்பெறவில்லை. ஒரு கோப்பை தேநீருக்குச் சட்டத்திற் கிடைத்த இடம், தலைசாய்க்கும் கூரைக்குக் கிடைக்கவில்லை. முன்னைய போராட்டங்கள் விட்ட இடமும் நாம் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

பழியனைத்தையும் வீட்டுக்காரர் தலையிற் போட்டுவிட்டு வாடகைக்காரர் தப்பிவிட முடியாது. “மேல் வீட்டில் இருப்பவர்கள் எப்படியான ஆக்கள்?” என்று தரகரிடம் காதோடு காதாகக் கேட்பவர் யார்? “கௌரவமான குடும்பம் விரும்பத்தக்கது” என்ற விளம்பரத்தைப் பார்த்து, அது தமக்கே எழுதப்பட்டதென மகிழ்பவர் யார்? கல்யாணச் சந்தையிலே சீதனத்தின் அளவைப் போலக் கொழும்பு விலாசத்தின் இலக்கத்தையும் எழுதி வைப்பவர் யார்? வகுப்பறையிலே “யாதும் ஊரே” என்று பாடம் சொல்லிவிட்டு மாலையில் வீடு தேடும்போது “எந்த ஊர்?” என்று பார்ப்பவரிடம் மாணவர் எதைக் கற்பர்? பாடத்தையா, பழக்கத்தையா? மாணவர் கண்கள் கூர்மையானவை. ஆசிரியரின் விலாசத்தையும் அவை வாசிக்கும்.

இனிப் பணத்தின் கதையைப் பார்ப்போம். வாடகை என்பது வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையிலான சொந்த விவகாரம் என்று ஒரு காலத்தில் இந்நாடு கருதவில்லை. 1948ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் வாடகைக்கு வரம்பு விதித்தன. நினைத்தபோது குடியிருப்பவரை வெளியேற்றுவதைத் தடுத்தன. வாடகைச் சபைகள் இயங்கின. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்திலே, 1973இல், வீட்டுச் சொத்துக்கு உச்ச வரம்பு விதிக்கும் சட்டமும் வந்தது. பின்னர் காற்று மாறி வீசியது. 1980, 2002 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்கள் வாடகைச் சட்டத்தின் எல்லையைச் சுருக்கின. 2023இல், குத்தகை முடிந்த வளவை உரிமையாளர் விரைவாக மீளப் பெறுவதற்கென முதலாம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. இன்று புதிதாக வீடு எடுக்கும் இளந் தம்பதிக்குப் பழைய சட்டத்தின் நிழல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆறு மாத முற்பணம், சில வேளை ஒரு வருட முற்பணம், அதன்மேல் வைப்புப் பணம், தரகருக்கு ஒரு பங்கு. எல்லாம் கட்டி முடிய மனைவியின் காப்பு அடைவு கடையிற் கிடக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. அவ்வளவாகச் சம்பளம் உயர்ந்த ஆசிரியர் எவரையும் நாம் அறியோம்.

“வீட்டுக்காரர் எல்லோரும் முதலாளிகளா? ஓய்வூதியம் போதாமல் அனெக்ஸ் ஒன்றை வாடகைக்கு விட்டுச் சீவிக்கும் கைம்பெண்ணும் சுரண்டற்காரியா?” என்று கேட்பர். நல்ல கேள்வி. பழைய சட்டத்தின் கீழ் வழக்காடியே காலத்தையும் காசையும் இழந்த சிறு வீட்டுக்காரர் இருந்தனர் என்பதும் மெய். அக்கைம்பெண் எமது பகைவரல்லர். தனி மனிதரின் ஓர் அறையை நம்பி ஒரு நகரத்தின் உழைக்கும் மக்களை இருத்தி வைக்க முயலும் அமைப்பே எமது பகை. 1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டத்தோடு வீடு கட்டுதல் அரசின் கடமைகளுள் ஒன்று என்ற எண்ணம் வேர்விட்டது. அரசாங்க உத்தியோகத்தருக்கெனத் தொடர்மாடிகள் எழுந்தன. இன்றோ வானளாவ எழுபவை வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்து எழுபவை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பணமும் வெள்ளவத்தையின் விலையை உயர்த்துகின்றது. அங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டின் கீழ்த் தளத்து வாசலில் நின்று, வாடகைக்கு இடமுண்டா என்று கேட்கிறார் இங்குள்ள ஆசிரியர்.

ஹவ்லொக் வீதியிலே ஹவ்லொக் சிட்டி என்ற உயர்ந்த கோபுரங்களைக் காண்கிறோம். அந்நிலத்திலேதான் முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அவ்வாலையின் இந்தியத் தொழிலாளரும் இலங்கைத் தொழிலாளரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களது சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா. ஈராண்டுகளின் பின், 1935இல், லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்த இளைஞரின் முதற் பெரும் தொழிற்சங்கக் களங்களுள் அது ஒன்று. வெள்ளவத்தை என்றால் “எங்கட ஆக்கள்” என்று பெருமை பேசுவோருக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அவ்விடத்தின் பெயரை நாட்டுக்கு முதலில் உரக்கச் சொன்னவர்களுள் சாதி, இன வேற்றுமை பாராது ஒன்றாய் நின்ற ஆலைத் தொழிலாளரும் அடங்குவர். அவர்கள் நின்ற மண்ணில் இன்று காவலாளி நின்று விலாசம் கேட்கிறான்.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? வெறும் கண்டனம் பயனற்றது. ஆதலால் சிலவற்றைத் திட்டமாகவே கூறுகிறோம்.

முதலாவதாக, இடத்தைத் தேவையால் அளப்போம். இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டிலே, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுபவர் பெரும்பாலும் மனைவியே. அவரது பயணம் எவ்வளவு என்பதே முதற் கணக்காக இருக்கட்டும். மாமியாரின் கௌரவம் அதன்பின் வரட்டும். மே மாத மழையிலும் ஐப்பசி மழையிலும் தெருவில் வெள்ளம் நிற்கிறதா, குழாயில் நீர் வருகிறதா, புகையிரத நிலையம் எவ்வளவு தூரம் என்று பார்ப்போம். அயலிலே இன்னார் இருக்கின்றனரா என்ற கேள்வியைத் தரகரிடம் கேட்க மறுப்போம்.

இரண்டாவதாக, “எந்தக் கோயிலடி?” என்று கேட்கப்படும்போது விடை கூறாதிருப்போம். விடை கூறினால் வீடு கிடைக்கும் நிலையிலுள்ளவரே முதலில் மறுக்க வேண்டும். மறுத்தால் இழப்பதற்குச் சிறிதளவே உள்ளவர் அவர். மறுக்க முடியாமல் ஒவ்வொரு வாசலிலும் தோற்றுத் திரும்புபவருக்கு அவரது மௌனம் ஒரு கைகொடுப்பு. சக ஆசிரியர் ஒருவரைப் பிறப்பு நோக்கித் திருப்பியனுப்பிய வீட்டை எந்த விலைக்கும் எடுக்கலாகாது.

மூன்றாவதாக, எழுத்தில் உடன்படிக்கை, ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு, முற்பணத்துக்கு வரம்பு ஆகியவற்றைக் கோருவோம். தனித்தனியே கேட்பவரை வீட்டுக்காரர் திருப்பியனுப்புவர். ஆதலால் இது சங்கத்தின் வேலை. சம்பள முரண்பாட்டுக்காகத் தெருவில் இறங்கிய ஆசிரியர் சங்கங்கள், அச்சம்பளத்திற் பாதியைக் கொண்டுபோகும் வாடகையைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? வாடகை வீட்டிலே பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தையும், உழைப்போருக்கான அரசாங்க வீடுகளையும் கேட்டு, சிங்கள, முஸ்லிம் ஆசிரியரோடு சேர்ந்து குரல் எழுப்ப இதைவிடப் பொருத்தமான கோரிக்கை எது? மகரகமையில் விலக்கப்படும் தமிழரும், வெள்ளவத்தையில் விலக்கப்படும் மலையகத்தவரும், எங்கும் விலக்கப்படும் முஸ்லிமும் ஒரே சட்டத்தின் குறையால் ஒரே தெருவில் நிற்கிறார்கள்.

நல்ல இடம் என்று ஒன்று உண்டு. அது தபால் இலக்கத்தாலோ தொடர்மாடியின் உயரத்தாலோ நல்லதாவதில்லை. அங்கே வேலை செய்பவர் அங்கே குடியிருக்கவும் இயலுமாயின், அதன் குப்பை பிறர் தலையிற் கொட்டப்படாதாயின், வாசலில் நிற்பவரிடம் வாடகை கொடுக்க முடியுமா என்பது தவிர வேறெதுவும் கேட்கப்படாதாயின், அது நல்ல இடம். கொழும்பிலே அத்தகைய இடம் இன்னும் விளம்பரத்தில் வரவில்லை. அதனைத் தேடி அலைவதை விடுத்து, குடியிருக்கும் தெருவையே அவ்வாறு ஆக்கத் தொடங்குவோம்.